இலங்கையின் கடனும் அரசாங்கத்தின் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அறிவித்தது. 1948 இல் சுதந்திரம் பெற்ற பின் அப்படி ஓர் அறிவித்தல் வந்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகு ஜனாதிபதி இரண்டு முறை மாறிவிட்டார். ஆனாலும் கடனை வாங்கியது யார், தின்றது யார், கட்டுவது யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வாதத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

நாடு வங்குரோத்து அடைந்தது என்கிறார்கள். உண்மையில் நடந்தது என்ன?

வங்குரோத்து என்ற சொல் மேடைக்கு வசதியானது. ஆனால் கடையை இழுத்து மூடிய வியாபாரியின் நிலைக்கு அரசாங்கம் வரவில்லை. திறைசேரி ரூபாவில் சம்பளம் கொடுத்தது, ஓய்வூதியம் கொடுத்தது, ரூபாவில் வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டியது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பல்தரப்பு நிறுவனங்களின் தவணைகளும் நிற்கவில்லை. வெளிநாட்டு அரசுகளுக்கும், சர்வதேசப் பிணைமுறிகளை (அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் விற்ற கடன் பத்திரங்களை) வைத்திருந்தவர்களுக்கும், வெளிநாட்டு வணிக வங்கிகளுக்கும் டொலரில் கொடுக்க வேண்டிய தவணைகளே நிறுத்தப்பட்டன.

காரணம் எளிது. கையில் டொலர் இல்லை. 2019 ஆம் ஆண்டின் முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணய ஒதுக்கு கரைந்து கரைந்து, 2022 மே மாதத்தில் பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொல்லும் நிலைக்கு வந்திருந்தது. எரிபொருள் கப்பல்கள் பணத்துக்காகக் கொழும்புக் கடலில் காத்து நின்றன. கரையில் சனம் பெற்றோல் செட்டிலும் எரிவாயுக் கடையிலும் வரிசையில் நின்றது.

ரூபாக் கடனுக்கும் டொலர்க் கடனுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? கடன் கடன்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பேசுவதனால்தான் நமது அரசியல் வாதங்களில் பாதி வீணாகிறது என்பது என் எண்ணம்.

ரூபாக் கடன் பெரும்பாலும் திறைசேரி உண்டியல் (ஓர் ஆண்டுக்குள் முதிரும் கடன் பத்திரம்), திறைசேரி முறி (அதை விட நீண்ட காலத்துக்கானது) என்ற வடிவங்களில் எடுக்கப்படுகிறது. 91 நாள், 182 நாள், 364 நாள் உண்டியல்களை மத்திய வங்கி புதன்கிழமைகளில் ஏலம் விடுகிறது. வங்கிகளும் ஓய்வூதிய நிதியங்களும் அவற்றை வாங்குகின்றன. நம்பிக்கை குறைந்தால் வட்டி ஏறும். 2022 இன் பிற்பகுதியில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. வலி கடுமைதான் என்றாலும் அந்தப் பணம் இந்த நாட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. வேறு வழியே இல்லையென்றால் மத்திய வங்கி அச்சிட்டாவது கொடுத்துவிடலாம் என்ற நிலை அன்று இருந்தது. அதன் விளைவு என்ன என்பது பின்னால் வருகிறது.

டொலரை நாம் அச்சிட முடியாது. தேயிலை, ஆடை ஏற்றுமதி, சுற்றுலா, வளைகுடாவில் வேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணம் ஆகியவற்றால்தான் அது வர வேண்டும். 500 மில்லியன் டொலர் கடன் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 100 பில்லியன் ரூபா. டொலர் 360 ரூபா ஆனபோது அதே கடன் 180 பில்லியன் ரூபா. ஒரு சதம் புதிதாக வாங்காமலே கடன் 80 பில்லியன் ரூபாவால் வீங்கிவிட்டது. ஜப்பானின் அரசுக் கடன் அந்நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தும் அங்கு பால்மாவுக்கு வரிசை இல்லாததற்கு முக்கியமான காரணம், அவர்களுடைய கடன் அவர்களுடைய நாணயத்தில் இருப்பதுதான்.

அரசாங்கம் அளவுக்கு மீறிச் செலவழித்ததுதானே எல்லாவற்றுக்கும் மூலகாரணம்?

வலதுசாரிப் பொருளியலாளர்கள் முதல் முச்சக்கரவண்டி ஓட்டுநர் வரை எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விளக்கம் இது. வீண்செலவு நடந்தது உண்மை. விமானங்கள் வராத மத்தள விமான நிலையத்தைப் பார்த்தவர் அதை மறுக்க மாட்டார். ஆனால் கணக்கைப் பார்த்தால் செலவை விட வருமானத்தின் பக்கம்தான் ஓட்டை பெரிது.

2010 களின் பிற்பகுதியில் அரசாங்கத்தின் மொத்தச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. நமது வருமான நிலையில் உள்ள ஒரு நாட்டுக்கு, அதுவும் இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் கொடுக்கும் நாட்டுக்கு, இது ஊதாரித்தனமான அளவென்று சொல்ல முடியாது. வருமானமோ 1990 களின் தொடக்கத்தில் உற்பத்தியின் 20 வீத அளவில் இருந்தது. 2019 இல் 12 வீத அளவுக்கு இறங்கியது. 2021 இல் 8 வீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் வட்டியை நீக்கிப் பார்த்தால் அரசாங்கத்தின் வருமானம் அதன் செலவை விடச் சற்றுக் கூடவே இருந்தது. முதன்மை மிகை என்று இதைச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் கடனை வளர்த்தது புதிய செலவை விடப் பழைய கடனின் வட்டியே. ஆகவே 'செலவைக் குறை' என்று முழங்குபவரிடம், வட்டியைக் குறைக்கச் சொல்கிறீர்களா, மருந்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

2019 வரிக்குறைப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். பதவியேற்ற சில நாட்களிலேயே பெறுமதி சேர் வரி, அதாவது வற், 15 வீதத்தில் இருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிக்கப்பட்டது. சம்பளத்தில் இருந்து நேரடியாகக் கழிக்கப்பட்டு வந்த உழைக்கும்போது செலுத்தும் வரி நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை, அதாவது மாதம் இரண்டரை இலட்சம் ரூபா வரை, உழைப்பவருக்கு வருமான வரியே இல்லை என்றானது.

எல்லோரும் பேசாத ஒரு மாற்றமும் அதனுள் இருந்தது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவில் இருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 25 கோடி ரூபாவுக்கு விற்கும் மொத்த வியாபாரி வரிக் கோப்பையே மூடிவிட்டுப் போகலாம். வீதத்தைக் குறைத்தால் பிறகு கூட்டலாம். கோப்பில் இருந்து போனவரைத் திரும்பக் கூட்டிவருவது இலேசான வேலை இல்லை. இந்த மாற்றங்களால் பதிவிலிருந்து விலகியோரின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் இருந்தது.

வரி குறைந்தால் மக்கள் கையில் பணம் புழங்கும், பொருளாதாரம் வளரும், வளர்ச்சியால் வரி வருமானம் தானாகக் கூடும் என்பது அன்றைய அரசாங்கத்தின் வாதம். தேர்தலுக்கு முந்திய அரசாங்கத்தில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர தேர்தல் காலத்திலேயே இது நாட்டைக் கடனில் மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். வாக்காளர் வரிக்குறைப்பையே விரும்பினர். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வரி கூடாது என்று சொல்லும் கட்சிக்கு வாக்குப் போடாத சனம் எந்த ஊரில் இருக்கிறது?

விளைவு விரைவாகவே வந்தது. கடன் தரமிடும் நிறுவனங்கள் 2020 இல் இலங்கையின் தரத்தை இறக்கின. பழைய பிணைமுறியைப் புதிய பிணைமுறியால் அடைத்து வந்த நாட்டுக்குச் சர்வதேசச் சந்தையின் கதவு மூடப்பட்டது.

கொவிட் வந்திராவிட்டால் தப்பியிருப்போம் என்கிறார்களே?

கொஞ்சம் நாள் தள்ளிப் போயிருக்கலாம். 2018 இல் சுற்றுலாவால் 4 பில்லியன் டொலருக்கு மேல் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் அதை வெட்டியது, கொவிட் ஏறத்தாழத் துடைத்தே விட்டது. 2021 இல் வந்தது அரை பில்லியன் டொலர் அளவுதான்.

ஆனால் அதே காலத்தில் நாமே செய்துகொண்ட காயங்களும் உண்டு. ரூபாவின் பெறுமதியை டொலருக்கு 200 ரூபாவை ஒட்டிப் பிடித்துவைத்ததால், வெளிநாட்டில் உழைப்போர் வங்கியை விட்டுவிட்டு டொலருக்கு அதிக விலை கொடுக்கும், வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரரிடம் போனார்கள். (திறைசேரி உண்டியலும் இந்த உண்டியலும் வேறு வேறு, தமிழ் செய்திகளைப் படிப்பவர் இதில் தடுமாறுவது வழக்கம்.) 2020 இல் 7 பில்லியன் டொலராக இருந்த பணவனுப்பல் 2021 இல் 5.5 பில்லியனாக விழுந்தது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்ததும் டொலரை மிச்சப்படுத்தவில்லை. நெல் விளைச்சல் விழுந்து, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

எல்லாம் சீனாவின் கடன்பொறி என்பது சரியா?

பெரும்பகுதி சரியில்லை. 2021 முடிவில் அரச துறையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சர்வதேசப் பிணைமுறிகளின் பங்கு அதை விட மிக அதிகம். பிணைமுறிக்கு முகம் இல்லை. நியூயோர்க்கிலோ இலண்டனிலோ இருக்கும் ஒரு நிதியத்தின் கணினித் திரையில் ஒரு வரி அது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு முகம் உண்டு, கொடி உண்டு, படம் எடுக்கலாம். அதனால் தொலைக்காட்சி அங்கே போகிறது.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனத் துறைமுக நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த 1.12 பில்லியன் டொலரைச் சீனக் கடனைக் கழிக்கப் பயன்படுத்தினார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் திறைசேரியின் கணக்கில் அப்படியே இருந்தது. குத்தகைப் பணம் அந்நியச் செலாவணி ஒதுக்கைத் தூக்கி நிறுத்தவும், பிறருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தவும் உதவியது.

இதற்காகச் சீனாவுக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. நிபந்தனைகளை வெளியில் சொல்லாத கடன்களும், விலைமனு இல்லாமல் கொடுத்த ஒப்பந்தங்களும், வருமானம் தராத கட்டடங்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் கையெழுத்திட்டது கொழும்பு.

அப்படியானால் அந்தப் பிணைமுறிகளை எடுத்தது எந்தக் கட்சி?

இரண்டு பெரிய அணிகளும்தான். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுவே என்று ஒத்துக்கொள்கிறேன்.

1997 இல் இலங்கை தாழ் மத்திய வருமான நாடாக வகைப்படுத்தப்பட்ட பின், நீண்ட காலத் தவணையும் மிகக் குறைந்த வட்டியும் கொண்ட சலுகைக் கடன்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. போர் நடந்துகொண்டிருந்த 2007 இல் மகிந்த ராஜபக்ச அரசாங்கம் முதலாவது இறையாண்மைப் பிணைமுறியை விற்றது: 500 மில்லியன் டொலர், ஐந்து ஆண்டு, 8.25 வீத வட்டி. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரணில் விக்கிரமசிங்க அதைக் கடுமையாக எதிர்த்தார். தமது கட்சி ஆட்சிக்கு வந்தால் இந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பை ஏற்காது என்று அதை ஒழுங்குசெய்த வங்கிகளுக்கே எழுதினார்.

2015 இல் அவர் பிரதமரானார். அந்த ஆண்டிலிருந்து 2019 வரை அவரது அரசாங்கம் 10 பில்லியன் டொலருக்கும் மேல் பிணைமுறிகளை விற்றது. அதில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கத்தான் என்பது அவரது தரப்பின் விளக்கம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் இங்கே எதிர்க்கட்சியாக இருக்கும்போது பேசும் பொருளியல் வேறு, திறைசேரியின் சாவி கைக்கு வந்த பின் பேசும் பொருளியல் வேறு.

பணத்தை அச்சிட்டுச் சமாளித்திருக்க முடியாதா?

அச்சிட்டார்கள். 2019 இன் முடிவில் மத்திய வங்கியின் கையிலிருந்த திறைசேரி உண்டியல்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. இரண்டு ஆண்டுகளில் அது 1,000 பில்லியனைத் தாண்டிவிட்டது. ஏலத்தில் வேறு யாரும் கேட்காத உண்டியலை மத்திய வங்கியே வாங்கிக்கொண்டு, அந்தப் பெறுமதிக்குப் புதிய பணத்தை அரசாங்கத்தின் கணக்கில் போட்டது. அச்சு இயந்திரம் ஓடத் தேவையில்லை, கணக்கேட்டில் ஓர் இலக்கம் போதும். 2022 மார்ச்சில் ரூபாவைப் பிடித்திருந்த கை தளர்ந்தபோது, அடக்கிவைத்த விலையெல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம்.

2023 இல் வந்த மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு இப்படி நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடை செய்கிறது.

2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலரைக் கொடுத்தது சரியா?

பிழை என்பதே என் கருத்து. ஜனவரி 18 ஆம் திகதி முதிர்ந்த அந்தப் பிணைமுறியை முழுமையாகச் செலுத்த வேண்டாம், அந்த டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொண்டு கடனை மறுசீரமையுங்கள் என்று பொருளியலாளர்களும் எதிர்க்கட்சியினரும் கேட்டார்கள். இலங்கை ஒருபோதும் தவணை தவறியதில்லை என்ற பெயரைக் காக்க வேண்டும் என்றார் மத்திய வங்கியின் அன்றைய ஆளுநர் அஜித் நிவார்ட் கப்ரால். பெயர் மூன்று மாதங்கூட நிற்கவில்லை.

அதே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச அரச ஊழியருக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு உட்பட 229 பில்லியன் ரூபா நிவாரணப் பொதி ஒன்றையும் அறிவித்திருந்தார். டொலரை வெளியே கொடுத்தார்கள், ரூபாவை உள்ளே கொடுத்தார்கள். இரண்டுக்கும் வருமானம் இருக்கவில்லை.

அரச ஊழியர்களைக் குறைத்தால் தீராதா? படைச் செலவு?

2021 இல் வட்டி ஒன்றே அரசாங்க வருமானத்தின் 70 வீதத்தைத் தாண்டியது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தால் வருமானம் முழுவதும் போய், மேலும் கடன் வாங்க வேண்டும். ஆகவே ஆட்சேர்ப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. வேலையற்ற பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் அலுவலகங்களில் இருத்துவது இங்கே நெடுங்காலத் தேர்தல் உத்தி.

ஆனால் 'அரச ஊழியர்' என்றதும் கச்சேரி எழுதுவினைஞரே நினைவுக்கு வருகிறார், சம்பளப் பட்டியலில் பெரும் பங்கு வகிக்கும் பாதுகாப்புத் துறை வருவதில்லை. போர் 2009 இல் முடிந்தது. இராணுவத்தின் ஆளணியை 2030 அளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது 2023 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளின் செலவைப் பற்றித் தெற்கின் மேடைகளில் பேசுவது அரிது. வடக்கில், இராணுவம் காய்கறிப் பண்ணையும் சிற்றுண்டிச்சாலையும் நடத்துவதைக் கண்ட எங்களுக்கு அந்த மௌனம் கொஞ்சம் உரக்கவே கேட்கிறது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியத்தில் ஏன் கை வைத்தார்கள்?

2023 ஜூன் இறுதியில் ஐந்து நாள் தொடர்ந்து வங்கி விடுமுறை விட்டு, அந்த இடைவெளியில் இது நடந்தது. ஜூலை 1 ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, நாடாளுமன்றம் 122 க்கு 62 என்ற வாக்குகளால் அதை நிறைவேற்றியது.

ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பை வைத்திருக்கும் இந்த நிதியம் தன்னிடமிருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டு, தொடக்கத்தில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் நீண்ட கால முறிகளைப் பெற வேண்டும். மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கான வரி 14 வீதத்தில் இருந்து 30 வீதமாகும். விருப்பத் தேர்வு என்று அதற்குப் பெயர். வங்கிகள் வைத்திருந்த முறிகளை அரசாங்கம் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளர் பணத்துக்கு ஆபத்து என்று காரணம் கூறப்பட்டது. வங்கி ஒன்று விழுந்தால் என்ன நடக்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்தின் விலையைச் சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவரும் மலையகத்தில் கொழுந்து பறிப்பவரும் கொடுத்தார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் தானும் 12 வீதம் முதலாளியும் கட்டி, இருபது ஆண்டில் ஒரு பெண் 10 இலட்சம் ரூபா சேர்த்திருக்கிறார். அவருக்கு ஆண்டுக்கு 9 வீதம் கிடைத்தால் அது 10 இலட்சத்து 90 ஆயிரம் ஆகும். பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது, முந்திய ஆண்டு 10 இலட்சத்துக்கு வாங்கியதை வாங்க 17 இலட்சம் வேண்டும். மறுசீரமைப்பு வரும் முன்னரே அவர் தன் பங்கைக் கட்டி முடித்துவிட்டார் என்று தொழிற்சங்கங்கள் சொன்னது மிகை இல்லை.

ஒவ்வொரு பிள்ளையும் இத்தனை இலட்சம் கடனோடு பிறக்கிறது என்கிறார்கள். அந்தக் கணக்கு சரியா?

வகுத்தல் சரி, பொருள் தவறு. மேலே சொன்ன அந்தப் பெண்ணையே எடுங்கள். நாட்டின் கடனில் அவருக்கும் ஒரு தலைப்பங்கு போடுகிறார்கள். ஆனால் சேமலாப நிதியத்தின் வழியாக அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவரும் அவர்தான். தேசிய சேமிப்பு வங்கியில் பிள்ளைக்குக் கணக்கு வைத்திருந்தால் அங்கும் அவர் கடன் கொடுத்தவரே. அந்த வங்கி தன் வைப்புகளில் பெரும்பகுதியை அரசாங்கப் பிணையங்களில் இடவேண்டும் என்பது சட்டம்.

கடனை இப்போது கட்டுவது யார்?

வற் வரி 2022 இல் 8 வீதத்தில் இருந்து 12 ஆகி, பின் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. வரிக்கு முன் 5,000 ரூபா விலையுள்ள ஒரு சோடிப் பாடசாலைச் சப்பாத்துக்கு முன்பு 400 ரூபா வரி, இப்போது 900 ரூபா. அமைச்சரின் பிள்ளைக்கும் அதே 900, மீன்பிடித் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே 900. வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆக உயர்ந்ததும் உண்மை. மருத்துவர்களும் பொறியியலாளர்களும் விமானம் ஏறியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆயினும் வரி வருமானத்தின் பெரும்பகுதி இன்னும் பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் மறைமுக வரிதான். சொத்தை வரிக்குள் கொண்டுவரும் பேச்சு ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போகிறது.

வெளிநாட்டுக் கடன் கொடுத்தவர்கள் ஏதாவது விட்டுக்கொடுத்தார்களா?

ஆளுக்கு ஆள் வேறுபடும். பிரான்ஸ், இந்தியா, ஜப்பான் ஆகியவை இணைத்தலைமை வகித்த அரசுகளின் குழு 2024 ஜூனில் 5.8 பில்லியன் டொலருக்கு உடன்பட்டது. சீன எக்சிம் வங்கி 4.2 பில்லியனுக்குத் தனியாக உடன்பட்டது. இவர்கள் முதல் தொகையைக் குறைக்கவில்லை; தவணையை நீட்டினார்கள், வட்டியைக் குறைத்தார்கள்.

பிணைமுறி வைத்திருந்தோர் முதல் தொகையில் 27 வீதத்தைக் குறைக்கச் சம்மதித்தார்கள். ஆனால் வரும் ஆண்டுகளில் டொலரில் கணக்கிடும் நமது உற்பத்தி எதிர்பார்த்ததை விட வளர்ந்தால் கொடுப்பனவும் கூட வேண்டும் என்ற நிபந்தனையையும் அதனுள் வைத்தார்கள். நாம் நன்றாக இருந்தால் அவர்களுக்கும் பங்கு. இந்த மாற்றீடு 2024 டிசெம்பரில் முடிந்தது. 2022 ஜூலையில் முதிர்ந்த ஒரு பில்லியன் டொலர் பிணைமுறியில் கால் பங்குக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் ரிசேர்வ் வங்கி மட்டும் முன்கூட்டியே நியூயோர்க்கில் வழக்குப் போட்டுவிட்டுத் தனிவழி போனது.

தேசிய மக்கள் சக்தி சொன்னதை மாற்றிவிட்டதா?

எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்கள் நாடு எவ்வளவு கடனைத் தாங்கும் என்று சர்வதேச நாணய நிதியம் போட்ட கடன் நிலைபேற்றுக் கணிப்பை ஏற்காமல் மாற்றுக் கணிப்பு வேண்டும் என்றார்கள். 2024 செப்டெம்பர் 21 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலின் அரசாங்கம் பிணைமுறியாளருடன் கொள்கையளவில் உடன்பாடு கண்டது. தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க வென்றார்; நவம்பரில் நாடாளுமன்றத்தில் 159 ஆசனங்களும் கிடைத்தன; உடன்பாடு பெரும்பாலும் அப்படியே நிறைவேறியது. ஆதரவாளர்கள் இதை முதிர்ச்சி என்கிறார்கள், முன்னாள் தோழர்கள் சரணாகதி என்கிறார்கள். கையொப்பத்துக்கு வந்த பேச்சை முறித்தால் மேலும் ஓர் ஆண்டு போயிருக்கும் என்பதால் எனக்கு முதல் சொல்லே ஓரளவு பொருந்துகிறது. ஆனால் தேர்தலுக்கு முன்பே அதைச் சொல்லியிருக்கலாம்.

நாணய நிதியத்திடம் போவது இது எத்தனையாவது தடவை?

பதினேழாவது. முதலாவது 1965 இல். 2023 மார்ச் 20 இல் அங்கீகரிக்கப்பட்ட இந்தத் திட்டத்தின் தொகை ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். முந்தியவற்றில் பல இடைநடுவில் கைவிடப்பட்டவை.

சட்டம் போட்டுக் கடனைத் தடுக்க முடியாதா?

2003 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். வரவுசெலவுப் பற்றாக்குறை 2006 இற்குள் உற்பத்தியின் 5 வீதத்துக்கு இறங்க வேண்டும், கடன் 2013 இற்குள் உற்பத்தியின் 60 வீதத்துக்கு இறங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இறங்கவில்லை. காலக்கெடுவைத் தள்ளிவைக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

2024 இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கலான செலவுக்கு உற்பத்தியின் 13 வீதம் என்று உச்சவரம்பு வைக்கிறது. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. வீழ்ச்சி வந்தது வருமானம் சரிந்ததால். பூட்டுப் போட்டதோ செலவுக்கு. இன்னொரு அரசாங்கம் வந்து மறுபடியும் வரியைப் பாதியாக்கினால் இந்த உச்சவரம்பு அதைத் தடுக்காது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் அந்தப் பூட்டுக்குள் இருக்கும்.

யாராவது பொறுப்பேற்றார்களா?

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும், வேறு சில உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறிப் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மனுதாரர்கள் இழப்பீடு கேட்கவில்லை, நீதிமன்றம் வழங்கவும் இல்லை. சிறைத் தண்டனைக்குரிய வழக்கும் அது இல்லை.

மீண்டும் முழுமையாகக் கடன் கட்டத் தொடங்குவது எப்போது?

வெளிநாட்டுக் கடனின் முதலைத் திருப்பிச் செலுத்தும் பெரிய தவணைகள் 2028 இல் ஆரம்பமாகின்றன. அரசுகளுக்கான தவணைகள் 2043 வரை நீள்கின்றன. 2032 இல் அரசுக் கடன் உற்பத்தியின் 95 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நாணய நிதியத்துடன் உடன்பட்ட இலக்கு. அரசாங்க வருமானம் 2024 இல் உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டிவிட்டது. ஒதுக்கும் 6 பில்லியன் டொலர் அளவுக்கு ஏறியது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மீண்டும் அனுமதித்தார்கள். அதற்கு விதிக்கும் வரி திறைசேரிக்கு ரூபாவைக் கொண்டுவருகிறது, வாகனமோ ஒதுக்கிலிருந்து டொலரைக் கொண்டுபோகிறது.